கறவை மாட்டின் வரவும் செலவும்

(கிராம அபிவிருத்தி அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மாடு என்ற சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்ற பொருளும் உண்டு. வேளாண்மைச் சமுதாயத்தில் கால்நடை பெற்றிருந்த இடத்தை அந்த ஒரு சொல்லே உணர்த்தும். ஆயினும் நிலத்துக்கும் பயிருக்கும் கணக்குப் பார்க்கும் விவசாயி, கொட்டிலில் நிற்கும் மாட்டுக்குக் கணக்குப் பார்ப்பது அரிது. பால் விற்ற பணம் தினந்தோறும் கையில் வருகிறது. தீவனச் செலவோ சிறுகச் சிறுகப் போகிறது. குடும்பத்தாரின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே மாடு இலாபம் தருகிறதா, நட்டம் தருகிறதா என்பது பல வீடுகளில் தெரியாமலே போய்விடுகிறது. பால் உற்பத்தியின் பொருளாதாரம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாட்டின் மொத்தக் கணக்கைப் பார்த்தால் பெருமைப்படக் காரணம் உண்டு. 1950-51-இல் இந்தியாவின் பால் உற்பத்தி 1 கோடியே 70 இலட்சம் டன். 1968-69-இல் அது 2 கோடியே 12 இலட்சம் டன். அதாவது பதினெட்டு ஆண்டுகளில் கூடியது நான்கில் ஒரு பங்குதான். மக்கள் தொகை அதைவிட வேகமாகப் பெருகியதால், ஒரு நபருக்குக் கிடைத்த பாலின் அளவு அக்காலத்தில் குறைந்தே போயிற்று. அதன் பின்னர் நிலைமை தலைகீழாக மாறியது. 1998-இல் இந்தியா அமெரிக்காவை விஞ்சி உலகில் முதலிடம் பெற்றது. 2023-24-இல் உற்பத்தி 23 கோடியே 93 இலட்சம் டன்னை எட்டியது. நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 471 கிராம் பால் என்ற நிலை உண்டாயிற்று. இன்று பாலின் மொத்த மதிப்பு நெல், கோதுமை ஆகிய இரண்டின் கூட்டு மதிப்பையும் மிஞ்சி நிற்கிறது.

இந்த வளர்ச்சி எவ்வாறு ஏற்பட்டது, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது, இனி வரும் வளர்ச்சி எங்கிருந்து வர வேண்டும் என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

கெய்ராவின் பாடம்

பால் விரைவில் கெடும் பொருள். கறந்த சில மணி நேரத்துக்குள் அதனை விற்றாக வேண்டும், அல்லது குளிரூட்ட வேண்டும். நெல்லை விலை ஏறும் வரை குதிரில் வைத்திருக்கலாம். பாலை வைத்திருக்க இயலாது. ஆகவே விலை பேசும் வலிமை எப்பொழுதும் வாங்குபவர் பக்கமே இருக்கிறது. சிறு உற்பத்தியாளரின் அடிப்படைப் பலவீனம் இதுவே.

1945-இல் பம்பாய் நகருக்குப் பால் வழங்க அரசாங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் பால் கொள்முதல் செய்யும் உரிமை ஒரே தனியார் நிறுவனத்திடம் இருந்தது. நகரத்தில் விலை உயர்ந்தது, கிராமத்தில் உயரவில்லை. இடையில் நின்ற ஒப்பந்தக்காரர்கள் வித்தியாசத்தைப் பெற்றுக்கொண்டனர். விவசாயிகள் சர்தார் வல்லபபாய் படேலின் ஆலோசனையை நாடினர். 1946 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூடிய கூட்டத்தில், கிராமந்தோறும் சங்கம் அமைத்து, அச்சங்கங்களின் ஒன்றியத்தின் மூலமே பால் விற்பது என்று முடிவாயிற்று. கோரிக்கை ஏற்கப்படாததால் அவர்கள் பால் விற்பனையை நிறுத்தினர். பம்பாய்க்குச் சென்ற பால் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவரானார். 1948-இல் இரண்டு கிராமச் சங்கங்களிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலுடன் பணி தொடங்கியது.

சங்கம் அமைத்ததால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. எருமைகள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியிலும் குளிர்காலத்திலும் ஈனுகின்றன. எனவே குளிர்காலத்தில் பால் பெருகுகிறது, கோடையில் வற்றுகிறது. நகரத்தின் தேவையோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. குளிர்காலத்தில் மிகுந்த பாலை வாங்க மறுத்தால், மறு ஆண்டு மாட்டுக்குத் தீனி போட விவசாயிக்கு ஊக்கம் இராது. மிகுந்த பாலை உலர்த்திப் பொடியாக்கிக் கோடைக்குச் சேமிப்பதே வழி. எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்று மேனாட்டு வல்லுநர்கள் அன்று கருதினர். அது இயலும் என்பதை எச். எம். தலாயா என்ற பால் தொழில்நுட்ப வல்லுநர் செய்து காட்டினார். 1955-இல் ஆனந்த் நகரில் அத்தகைய தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 1949 முதல் அங்குப் பணியாற்றி வந்த வர்கீஸ் குரியன் அந்த அமைப்பை நிர்வகித்தார். கூட்டுறவு உணர்ச்சியோடு தொழில்நுட்பமும் நிர்வாகத் திறனும் சேர்ந்தபோதுதான் விவசாயியின் பால் ஆண்டு முழுவதும் விலை போயிற்று என்பதே கெய்ரா தரும் பாடம்.

கொழுப்பும் பிற திடப்பொருளும்

பாலை லிட்டர் அளவில் மட்டும் விலை கூறினால் தண்ணீர் கலப்பவருக்கே இலாபம். கொழுப்பின் அளவை மட்டும் பார்த்து விலை கூறினால் பசு வளர்ப்பவருக்கு நட்டம். எருமைப் பாலில் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு வரை கொழுப்பு உண்டு. பசும்பாலில் பெரும்பாலும் 3.5 முதல் 5 பங்குதான். ஆனால் புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவை அடங்கிய, கொழுப்பு அல்லாத திடப்பொருள்களில் இவ்விரண்டுக்கும் அவ்வளவு வேற்றுமை இல்லை. ஆகவே கொழுப்புக்கு ஒரு விலை, மற்றத் திடப்பொருள்களுக்கு ஒரு விலை என்று இரண்டையும் கூட்டி விலை நிர்ணயம் செய்யும் முறை ஏற்பட்டது. இம்முறையில் தண்ணீருக்கு விலை இல்லை. பசுவுக்கும் எருமைக்கும் நடுவே பாரபட்சமும் இல்லை.

நகர நுகர்வோரின் பக்கமும் இதே கணக்கு பயன்பட்டது. நூற்றுக்கு 6 பங்கு கொழுப்புள்ள 100 லிட்டர் எருமைப் பாலில் உள்ள கொழுப்பு, 3 பங்கு கொழுப்புள்ள 200 லிட்டர் பாலுக்குப் போதுமானது. குறைவது மற்றத் திடப்பொருளும் நீருமே. கொழுப்பு நீக்கிய பால் பொடியைக் கரைத்துச் சேர்த்தால் அக்குறையும் நீங்குகிறது. சமன்படுத்திய பால் என்று இன்று கடைகளில் கிடைப்பது இதுவே. பம்பாயில் தாரா குரோடி இம்முறையைப் புகுத்தினார். கொழுப்புக்கு அதிக விலை கொடுக்க இயலாத குடும்பங்களுக்கும் புரதம் மலிவான விலையில் கிடைக்க இது வழி செய்தது. திரிபுவன்தாஸ் படேல், குரியன், குரோடி ஆகிய மூவரும் 1963-இல் மகசேசே விருது பெற்றனர்.

பால் வெள்ளத் திட்டம்

1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்துக்கு வந்து, அருகிலிருந்த கிராமம் ஒன்றில் இரவு தங்கி, விவசாயிகளோடு உரையாடினார். ஆனந்த் முறையை நாடெங்கும் பரப்ப வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவாக 1965-இல் தேசியப் பால் வள அபிவிருத்தி வாரியம் ஏற்பட்டது. 1970-இல் பால் வெள்ளத் திட்டம் தொடங்கியது. பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களையும் 18 பால் உற்பத்திப் பகுதிகளோடு இணைப்பது முதற் கட்டத்தின் நோக்கம்.

இதன் நிதி ஏற்பாடு பொருளாதார மாணவர்கள் ஊன்றிப் பயில வேண்டிய ஒன்று. ஐரோப்பிய நாடுகளில் தேங்கிக் கிடந்த பால் பொடியும் வெண்ணெய் எண்ணெயும் உலக உணவுத் திட்டத்தின் வாயிலாக நன்கொடையாக வந்தன. 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால் பொடியும், 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் முதற் கட்டத்துக்கு ஒப்புக்கொள்ளப்பட்டன. இலவசமாக வந்த பொருளை மலிவு விலைக்கு விற்றால் நகர மக்கள் மகிழ்வர்; ஆனால் உள்நாட்டுப் பாலின் விலை விழும், விவசாயி மாட்டை விற்றுவிடுவான். அப்பொருளை உள்நாட்டுப் பாலின் விலையைக் குலைக்காத வகையில் பாலாக்கி விற்று, கிடைத்த பணத்தைக் கொண்டு குளிரூட்டு நிலையங்கள், பதனிடும் ஆலைகள், டாங்கர் வண்டிகள், தீவனத் தொழிற்சாலைகள் ஆகியவற்றை அமைப்பது என்ற கொள்கை மேற்கொள்ளப்பட்டது.

இத்திட்டம் கடுமையான விமரிசனத்துக்கும் உள்ளாயிற்று. அயல்நாட்டுப் பொடியை நாடு நம்பியிருக்கும் நிலை ஏற்படும் என்றும், கிராமக் குழந்தைகள் குடிக்க வேண்டிய பால் நகரத்துக்குச் சென்றுவிடும் என்றும், கலப்பினப் பசுக்கள் ஏழை விவசாயிக்கு ஏற்றவை அல்ல என்றும் 1980-களில் பலர் எழுதினர். எல். கே. ஜா தலைமையிலான குழு 1984-இல் திட்டத்தை மதிப்பீடு செய்து அறிக்கை தந்தது. அயல்நாட்டுப் பொடியைப் பற்றிய அச்சம் பலிக்கவில்லை; உள்நாட்டு உற்பத்தி தேவையை ஈடு செய்தது. மற்ற இரண்டு ஐயங்களையும் அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பாலை விற்ற குடும்பம் அப்பணத்தைக் கொண்டு எதை உண்டது என்பது இன்றும் ஆராயத்தக்க கேள்வியே.

1996-இல் மூன்றாம் கட்டம் முடிவுற்றபோது கிராமக் கூட்டுறவுச் சங்கங்களின் எண்ணிக்கை 70 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. நன்கு நிர்வகிக்கப்படும் ஒன்றியங்களில் நுகர்வோர் தரும் ஒவ்வொரு ரூபாயிலும் 70 காசுக்கு மேல் உற்பத்தியாளரைச் சென்றடைகிறது. பயிர்ப் பொருள்களில் இத்தகைய விகிதத்தைக் காண்பது அரிது.

வயிற்றினுள் நடக்கும் வேலை

விலை ஒரு பக்கம் என்றால், செலவு மறு பக்கம். பால் உற்பத்திச் செலவில் தீவனத்தின் பங்கு ஏறத்தாழ 60 முதல் 70 சதவிகிதம். ஆகவே மாட்டின் வயிற்றில் நடப்பதை அறியாமல் பாலின் பொருளாதாரத்தை அறிய முடியாது.

மனிதனால் செரிக்க இயலாத வைக்கோலையும் புல்லையும் மாடு உணவாக்கிக் கொள்கிறது. அதன் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நார்ப்பொருளைச் சிதைத்து மாட்டுக்கு வேண்டிய சக்தியைத் தரும் அமிலங்களாக அவை மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்களே பின்னர்ச் செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகவும் அமைகின்றன. எனவே மாட்டுக்குத் தீனி போடுவது என்பது முதலில் அந்நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுவதேயாகும். வைக்கோலை மட்டும் போட்டால் அவற்றுக்கு வேண்டிய நைட்ரஜன் போதாது. வைக்கோல் முழுமையாகச் செரிக்காது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்துப் பயன்படுத்தும் முறை இக்குறையைப் போக்க ஏற்பட்டதாகும்.

அடர்தீவனத்தில் இருவகைத் தவறுகள் நடக்கின்றன. பால் மிகுதியாகத் தரும் மாட்டுக்குக் குறைவாகவும், வற்றிய மாட்டுக்குத் தேவைக்கு மேலாகவும் வைப்பது வழக்கமாக இருக்கிறது. உடலைப் பேண ஒரு பங்கும், அதற்கு மேல் பசுவானால் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும், எருமையானால் ஒவ்வொரு இரண்டு லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோவும் என்பது பொதுவான அளவு. காராமணி, குதிரை மசால் போன்ற பயறு வகைப் பசுந்தீவனம் ஆறு முதல் எட்டுக் கிலோ கிடைத்தால் ஒரு கிலோ அடர்தீவனத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் நாட்டின் சாகுபடிப் பரப்பில் தீவனப் பயிர்களுக்குக் கிடைத்திருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. ஜான்சியில் 1962 முதல் இயங்கிவரும் இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் நல்ல இரகங்களைக் கண்டுபிடித்திருப்பினும், விதை கிராமத்தை எட்டுவது அரிதாகவே இருக்கிறது. நிலமற்றவருக்கு வரப்பும் மேய்ச்சல் புறம்போக்கும்தான் தீவன நிலம். புறம்போக்கு சுருங்கும்போது முதலில் இழப்பவர் அவரே.

ஈற்று இடைவெளி

ஒரு மாடு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் கறக்கிறது என்றே எல்லோரும் கேட்கின்றனர். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ஈனுகிறது என்று கேட்போர் குறைவு. இலாபத்தையும் நட்டத்தையும் பெரிதும் முடிவு செய்வது இரண்டாவது கேள்வியே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு கலப்பினப் பசு ஓர் ஈற்றில் 300 நாள் கறந்து 2,400 லிட்டர் பால் தருகிறது என்றும், கறவை நாளில் தீவனச் செலவு 180 ரூபாய், வற்றிய நாளில் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் 400 நாள் இடைவெளியானால் வற்றிய நாள்கள் 100. மொத்தத் தீவனச் செலவு 64,000 ரூபாய். லிட்டருக்கு ஏறத்தாழ 26 ரூபாய் 67 காசு. அதே பசுவுக்கு இடைவெளி 540 நாளானால் வற்றிய நாள்கள் 240. செலவு 78,000 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் 50 காசு. மாடு அதுவே, கறந்த பாலும் அதுவே; லிட்டருக்கு ஏறக்குறைய ஆறு ரூபாய் கூடுதல் செலவு. கறவை சில நாள் நீண்டு சிறிது பால் கூடுதலாகக் கிடைக்கலாம். அது இந்த வித்தியாசத்தை ஈடு செய்யாது. பால் விலையில் லிட்டருக்கு ஆறு ரூபாய் உயர்வு கேட்டு ஒரு சங்கம் எவ்வளவு காலம் போராட வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும்.

இந்த 140 நாள் எங்கே போயிற்று? பசு 21 நாளைக்கு ஒரு முறை சினைப் பருவத்துக்கு வருகிறது. அதன் அறிகுறிகள் ஒரு நாளுக்கும் குறைவாகவே நீடிக்கின்றன. எருமையில், அதுவும் கோடையில், அறிகுறிகள் வெளியே தெரிவதே கடினம். காலையில் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்ய வேண்டும். கண்டறியத் தவறினாலோ, கருவூட்டுபவர் வரத் தவறினாலோ 21 நாள் வீண். மேற்கண்ட கணக்கின்படி 2,100 ரூபாய் வீண். ஏழு முறை தவறினால் 140 நாளும் போய்விடுகின்றன. ஆகவே கருவூட்டல் நிலையத்தின் பணியை, செய்த கருவூட்டல்களின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடுவது தவறு. பிறந்த கன்றுகளையும் ஈற்று இடைவெளியையும் கொண்டே அதை மதிப்பிட வேண்டும். இலக்கு எட்டப்பட்டது என்று அறிக்கை எழுதும் அலுவலர்கள் இதனை நினைவிற்கொள்வது நலம்.

இனமும் நோயும்

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும், ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் உள்ளன. மாடுகளில் அயல் இனமும் கலப்பினமும் சேர்ந்து 5 கோடி அளவே. எஞ்சியவை உள்நாட்டு மாடுகள், பெரும்பாலும் இன்ன இனம் என்று வகைப்படுத்த இயலாதவை. கலப்பினப் பசு கறக்கும் பாலில் பாதியைக்கூட இவை கறப்பதில்லை. எனவே கலப்பினப் பெருக்கம் பால் வளத்தை உயர்த்தியது உண்மை. கேரளத்தில் மாட்டுப்பட்டியில் 1963-இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்திலிருந்து சுனந்தினி என்ற இனம் உருவாகி அம்மாநிலத்தின் பால் உற்பத்தியையே மாற்றியது. ஆனால் அயல் இரத்தம் மிகுந்த பசு வெப்பத்தைத் தாங்குவதில்லை. நோய்க்கு எளிதில் இரையாகிறது. நல்ல தீவனம் இன்றேல் பால் தருவதில்லை. நீரும் பசுந்தீவனமும் உள்ள பகுதியில் அது வரவு. வறண்ட பகுதியில் அது கடன். அங்கு நல்ல உள்நாட்டு இனங்களையும் எருமையையும் தேர்ந்தெடுத்து மேம்படுத்துவதே அறிவுடைமை. 2014-இல் தொடங்கிய இராஷ்டிரிய கோகுல் மிஷன் இந்நோக்கத்துக்கு இடம் தந்துள்ளது.

நோயினால் வரும் இழப்பு சிறு உற்பத்தியாளரை ஒரே நாளில் வீழ்த்திவிடும். பத்து மாடு உள்ளவர் ஒன்றை இழந்தால் பத்தில் ஒரு பங்கு இழப்பு. ஒன்றே உள்ளவர் அதை இழந்தால் முழு இழப்பு. இத்துறையில் நாடு கண்ட மாபெரும் வெற்றி வெக்கை நோய் ஒழிப்பாகும். 1954-இல் தொடங்கிய தடுப்பூசி இயக்கம் அரை நூற்றாண்டு தொடர்ந்து, 2006-இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் உலகமே விடுபட்டது. கோமாரி நோயையும் கன்று வீச்சு நோயையும் ஒழிக்க 2019-இல் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும் 2022-இல் குஜராத், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் பரவிய தோல் கழலை நோய், கிராமக் கால்நடை மருத்துவ வசதி இன்னும் எவ்வளவு மெலிந்தது என்பதைக் காட்டிற்று. காப்புறுதி செய்யப்படாத மாடு இறந்தால், அதை வாங்கப் பெற்ற கடன் மட்டும் எஞ்சி நிற்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை

நிலம் ஒரு சிலரிடம் குவிந்திருக்கும் நாட்டில் கால்நடை அவ்வளவு குவிந்து கிடக்கவில்லை. நிலமற்றோரும் குறுநில விவசாயிகளுமே பெரும்பாலான கறவை மாடுகளை வைத்திருக்கின்றனர். பயிரின் வருமானம் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வருவது. பாலின் வருமானம் பத்து நாளைக்கு ஒரு முறை வருவது. பயிர் பொய்த்த ஆண்டில் குடும்பத்தைக் காப்பது அதுவே. கூட்டுறவை வளர்ப்பது இதனால் வறுமை ஒழிப்புப் பணியுமாகும்.

ஆனால் கொட்டிலில் உழைப்பவர் யார், சங்கத்தில் உறுப்பினர் யார் என்று பார்த்தால் முரண்பாடு தெரியும். புல் அறுப்பதும், சாணம் அள்ளுவதும், பால் கறப்பதும் பெரும்பாலும் பெண்கள். உறுப்பினர் பட்டியலிலும் வங்கிக் கணக்கிலும் பல இடங்களில் ஆணின் பெயரே இருக்கிறது. சினைப் பருவ அறிகுறியை முதலில் காண்பவரும் மாட்டோடு இருக்கும் பெண்ணே. பயிற்சி வகுப்புக்கு வருபவரோ வேறொருவர். ஈற்று இடைவெளி குறைய வேண்டுமானால் பயிற்சி அப்பெண்ணைச் சென்றடைய வேண்டும்.

ஆண் கன்றுகளின் நிலை மற்றொரு சிக்கல். டிராக்டர் வந்தபின் உழவுக்கு எருது தேவைப்படவில்லை. 2019 கணக்கெடுப்பில் பசுக்கள் 14 கோடியே 50 இலட்சமாகக் கூடியிருக்க, ஆண் மாடுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. பயன் தராத மாட்டைப் பேணும் செலவை ஏழை விவசாயி ஒருவரே சுமக்க இயலாது. அது தெருவில் விடப்பட்டால் அயலாரின் பயிர் அழிகிறது. பெண் கன்றே பிறக்கும் வகையில் பிரித்தெடுத்த விந்தைக் கருவூட்டலுக்குப் பயன்படுத்தும் முறை இதற்கு ஓரளவு தீர்வாகும். அதன் விலை சிறு விவசாயிக்கு எட்ட வேண்டும்.

செரிமானத்தின்போது மாடு வெளியிடும் மீத்தேன் வாயு இன்று உலகின் கவலைகளில் ஒன்று. தீனியின் சக்தியில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவு அவ்வழியே வீணாகிறது. சமச்சீர் தீவனத்தால் அந்த வீணும் குறைகிறது, லிட்டருக்கான செலவும் குறைகிறது. இவ்விடத்தில் விவசாயியின் நலனும் உலகின் நலனும் ஒரே திசையில் செல்கின்றன. குறைந்த பால் தரும் பல மாடுகளைவிட, நன்கு பேணப்பட்ட சில மாடுகள் நாட்டுக்கும் வீட்டுக்கும் நல்லவை.

கடந்த அரை நூற்றாண்டில் பாலுக்குச் சந்தை தேடித் தந்ததே பெருஞ்சாதனை. இனி வரும் காலத்தின் பணி, ஒவ்வொரு லிட்டரின் உற்பத்திச் செலவையும் குறைப்பது. அதற்குப் பெரிய ஆலைகள் தேவையில்லை. கிராமச் சங்கம் ஒவ்வொன்றிலும் பால் ஊற்றிய அளவை எழுதும் அட்டை இருக்கிறது. அதன் மறுபக்கத்தில் மாடு ஈன்ற நாள், கருவூட்டிய நாள், வற்றிய நாள், தீவனச் செலவு ஆகிய நான்கையும் எழுதும் பழக்கம் ஏற்பட்டால், மாட்டை வைத்திருக்கும் குடும்பம் தன் வரவையும் செலவையும் தானே அறியும். அந்த அட்டையை ஒவ்வொரு வீட்டிலும் எழுதச் செய்வதும், எழுதியதைப் படித்து உரிய நேரத்தில் உதவுவதும் அலுவலர்களின் கடமை.